முதலில் இன்ச் டேப், பிறகு ஸ்பீக்கர்

வீட்டு அறையையே ஸ்டுடியோவாக்கி இசை செய்துவரும் தம்பி தங்கைகளுக்கு,

சாலிகிராமத்திலும் வளசரவாக்கத்திலும் விருகம்பாக்கத்திலும் ஒரு படுக்கையறையைக் காலி செய்து, கட்டில் இருந்த இடத்தில் மேசையைப் போட்டு, விடிய விடியப் பாட்டுக் கட்டுகிறீர்கள். நீங்கள் செய்த மிக்ஸ் கடைசியில் என்னைப் போன்ற ஒலிப்பொறியாளர்களின் மேசைக்கு வருகிறது. மெட்டு நன்றாக இருக்கிறது. பாடியவர் உயிரைக் கொடுத்துப் பாடியிருக்கிறார். ஆனால் சரவுண்ட் மிக்ஸைத் திறந்ததும் மனசு கஷ்டப்படுகிறது. பின்னால் நிற்க வேண்டிய கோரஸ் பாடகரை அமுக்குகிறது. இடப்பக்கம் வைத்ததாக நீங்கள் நினைத்திருக்கும் வீணை முதுகுக்குப் பின்னால் ஒலிக்கிறது. பேஸ் கிடாரில் ஒரே ஒரு சுரம் மட்டும் வீங்கி எழுந்து நிற்கிறது. உங்கள் காதில் குறை இல்லை, ரசனையிலும் இல்லை. உங்கள் அறையில் ஸ்பீக்கர்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தில் குறை இருக்கிறது. இதை உங்களிடம் யாரும் நேராகச் சொல்வதில்லை. நாங்கள் சரி செய்து அனுப்பிவிடுகிறோம், நீங்கள் அடுத்த பாட்டையும் அதே நாற்காலியில் உட்கார்ந்து செய்கிறீர்கள். இந்த வழக்கம் இத்தோடு போதும் என்றுதான் இந்த மடலை எழுதுகிறேன்.

வீட்டு ஸ்டுடியோ என்றால் இளக்காரம் என்று நான் நினைப்பதாக எண்ணிவிட வேண்டாம். ஏ.ஆர். ரஹ்மான் 1989-இல் கோடம்பாக்கத்தில் தன் வீட்டை ஒட்டி அமைத்த பஞ்சதன் ரெக்கார்டு இன் ஸ்டுடியோவில்தான் 'ரோஜா' படத்தின் பாட்டுகள் பதிவாயின. 1992-இல் அந்தப் பாட்டுகளைக் கேட்டவர்கள் யாரும் அது எத்தனை சதுர அடி என்று கேட்கவில்லை. வீட்டில் நல்ல வேலை நடக்கும் என்பதற்கு இந்த ஊருக்கு வேறு சாட்சி தேவையில்லை. ஆனால் அன்றைய வேலை இரண்டு ஸ்பீக்கர் வேலை. இன்று உங்களிடம் கேட்கப்படுவது வேறு. 2021 ஜூன் மாதம் ஆப்பிள் மியூசிக்கில் டால்பி ஆட்மாஸ் பாட்டுகள் வந்த பிறகு, ஆல்பம் போடுகிறவர்கள் எல்லோரும் உங்களிடம் முதலில் கேட்பது, "ஆட்மாஸ் மிக்ஸ் கிடைக்குமா?" இல்லை என்று சொன்னால் வேலை கைநழுவிவிடுமோ என்ற பயத்தில் கடன் வாங்கிக்கூட ஸ்பீக்கர்களை அடுக்குகிறீர்கள். அந்தப் பயம் நியாயமானது. ஆனால் அடுக்குவதும் பொருத்துவதும் ஒன்றல்ல என்பதை உங்களுக்கு விற்றவர்கள் சொல்லவில்லை.

ஐந்து ஸ்பீக்கரை எங்கே வைப்பது என்பதற்கு 1990-களின் தொடக்கத்திலேயே சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் ஒரு வரையறை கொடுத்துவிட்டது. நீங்கள் உட்காரும் இடத்தை நடுப்புள்ளியாக வைத்து ஒரு வட்டம் போடுங்கள். சென்டர் ஸ்பீக்கர் நேர் எதிரே. இடதும் வலதும் அதிலிருந்து ஆளுக்கு 30 பாகை. சரவுண்ட் இரண்டும் 100-லிருந்து 120 பாகைக்குள், அதாவது தோள்களுக்குச் சற்றுப் பின்னால். ஐந்தும் ஒரே தூரத்தில், முன்னால் உள்ள மூன்றின் ட்வீட்டரும் காதின் உயரத்தில், தரையிலிருந்து ஏறக்குறைய நாலடியில் இருக்க வேண்டும். இதை நீங்கள் எல்லோரும் படத்தில் பார்த்திருக்கிறீர்கள். அறையில் செய்து பார்த்தவர்கள் குறைவு. காரணம், பாகையை எப்படி அளப்பது என்று தெரியாமல் கண்ணளவில் வைத்துவிடுகிறீர்கள்.

அதற்கு எந்தக் கருவியும் வேண்டாம். இன்ச் டேப்பும் ஒரு நூல்கண்டும் போதும். உங்கள் தலை வரும் இடத்துக்கு நேர் கீழே தரையில் ஓர் ஒட்டுத்தாளை ஒட்டி அதிலிருந்து நூலைப் பிடியுங்கள். மூன்றடி ஆரம் என்று வைத்துக்கொண்டால், இடது ஸ்பீக்கருக்கும் வலது ஸ்பீக்கருக்கும் இடையே சரியாக மூன்றடி இருக்க வேண்டும். நீங்களும் அவை இரண்டும் சேர்ந்து சமபக்க முக்கோணம். சரவுண்டை 110 பாகையில் வைக்க, முன் இடதிலிருந்து இடது சரவுண்டுக்கு மூன்றடி பத்து அங்குலம் அளந்தால் போதும். வலப்பக்கமும் அப்படியே. சரிபார்க்க இரண்டு சரவுண்டுகளுக்கும் இடையே அளந்து பாருங்கள், ஐந்தடி எட்டு அங்குலத்தை ஒட்டி வரும். அளவு எல்லாம் ஸ்பீக்கரின் முகத்திலிருந்து, முதுகிலிருந்து அல்ல. ஆரம் நாலடி என்றால் எல்லா அளவையும் மூன்றில் ஒரு பங்கு கூட்டிக்கொள்ளுங்கள். அரை மணி நேர வேலை இது.

அந்த அரை மணி நேரத்தைக் கொடுக்காததால் என்ன ஆகிறது என்று பாருங்கள். வீணையை இடது சரவுண்டில் வைத்தீர்கள். உங்கள் அறையில் அந்த ஸ்பீக்கர் அலமாரி இடித்ததால் தோளுக்கு முன்னால், 70 பாகையில் நிற்கிறது. உங்களுக்கு வீணை இடப்பக்கம் இதமாகக் கேட்டது. முறையாகப் பொருத்திய இன்னொரு அறையில் அதே ஸ்பீக்கர் 110 பாகையில் இருக்கிறது. அங்கே வீணை பின்னால் போய்விட்டது. நீங்கள் தீர்மானித்த இடத்தை வேறு யாருமே கேட்கப் போவதில்லை.

தூரமும் அப்படித்தான். ஒலி ஒரு மில்லி விநாடியில் ஓர் அடிக்குச் சற்று அதிகமாகப் போகும். இரண்டு ஸ்பீக்கரிலிருந்து ஒரே ஒலி வரும்போது, எது முதலில் வந்து சேர்கிறதோ அந்தப் பக்கமே ஒலி வருவதாக மூளை முடிவு செய்துவிடும். அதற்கு ஒரு மில்லி விநாடி போதும். இடது ஸ்பீக்கர் ஓர் அடி தள்ளிப் போனால், நடுவில் நிற்க வேண்டிய குரல் முழுவதும் வலப்பக்கம் சாய்ந்துவிடும். நீங்கள் பேன் திருகை இடப்பக்கம் திருப்பிச் சமன் செய்கிறீர்கள். உங்கள் அறையில் சரியாகிவிட்டது. மற்ற எல்லா அறைகளிலும் பாடகர் இடப்பக்கம் போய் நிற்கிறார்.

"இன்டர்ஃபேஸில் டிலே போட்டுக்கொள்ளலாமே, டெசிபலைக் கூட்டிக்கொள்ளலாமே" என்று உங்களில் சிலர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். செய்யலாம், ஓரளவு செய்துதான் ஆக வேண்டும். டிலே நேரத்தைச் சரிக்கட்டும், லெவல் அளவைச் சரிக்கட்டும். ஆனால் தூரத்தில் இருக்கும் ஸ்பீக்கரின் ஒலியோடு சுவரிலும் தரையிலும் பட்டுத் திரும்பும் ஒலி அதிகமாகக் கலந்து வருகிறதே, அதை எந்த மென்பொருளும் பிரித்து எடுக்காது. பக்கத்து ஸ்பீக்கர் தெளிவாகவும் தூரத்து ஸ்பீக்கர் கிணற்றுக்குள்ளிருந்தும் பேசும். தெளிவாகக் கேட்கும் பக்கத்தில் எதிரொலியைக் கூட்டுவீர்கள், மங்கலாகக் கேட்கும் பக்கத்தில் குறைப்பீர்கள். இரண்டுமே தப்பாகப் போகும்.

இனி அறைக்கு வருகிறேன். உங்களில் பெரும்பாலானோர் வைத்திருப்பது பத்துக்குப் பத்து அறை. உயரமும் ஏறக்குறைய பத்தடி. மூன்று பக்கமும் ஒரே அளவு என்பதுதான் இசைக்கு வாய்க்கக்கூடிய மோசமான அறை. பத்தடி தூரம் 56 ஹெர்ட்ஸில் ஒலி எதிரொலித்து நிலைகொள்ளும் அளவு. நீளம், அகலம், உயரம் மூன்றும் அதே ஒலியை ஒன்றின் மேல் ஒன்றாகத் தூக்குகின்றன. பேஸ் கிடாரின் ஏ தந்தி 55 ஹெர்ட்ஸ். இந்த அறையில் நீளவாக்கில் சரியாக நடுவில் நாற்காலியைப் போட்டால், அந்த 55 ஹெர்ட்ஸ் உங்கள் காதில் ஏறக்குறைய விழவே விழாது. அதே சுரத்தின் மேல் ஸ்தாயியான 110 ஹெர்ட்ஸ் அதே இடத்தில் வீங்கிக் கேட்கும். கேட்காததைக் கூட்டுகிறீர்கள், வீங்கியதை வெட்டுகிறீர்கள். எங்கள் மேசைக்கு வரும்போது ஒரே ஒரு சுரம் எழுந்து நிற்பதற்குக் காரணம் இதுதான். ஈக்யூவில் பன்னிரண்டு டெசிபல் தூக்கினாலும் அந்தப் பள்ளம் நிரம்பாது. ஆம்ப்ளிஃபயர்தான் திணறும். நாற்காலியை நகர்த்துங்கள், நிரம்பும்.

எங்கே நகர்த்துவது? முன்சுவரிலிருந்து அறையின் நீளத்தில் 38 சதவீதம் என்று ஒரு தொடக்கக் கணக்கு உண்டு. பத்தடி அறையில் அது நாலடிக்குச் சற்றுக் குறைவு. அது வேதவாக்கல்ல, அங்கிருந்து முன்னும் பின்னும் அரையடி அரையடியாக நகர்த்தி, அளவு மைக்கை வைத்துப் பாருங்கள். ரூம் ஈக்யூ விசார்ட் என்ற மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. அகலவாக்கில் மட்டும் நடுக்கோட்டை விட்டு விலகாதீர்கள், விலகினால் இடமும் வலமும் வேறு வேறு அறையாகிவிடும். முன் ஸ்பீக்கர்களைச் சுவரை விட்டு இரண்டு மூன்றடி இழுத்து வைத்தால் நல்லது என்று படித்திருப்பீர்கள். பெரிய அறைக்கு வேறு கணக்கு. சின்ன அறையில் சுவரிலிருந்து இரண்டடியில் ஸ்பீக்கரின் முகம் இருந்தால், சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி 140 ஹெர்ட்ஸ் பக்கத்தில் நேர் ஒலியை அழித்துவிடும். ஓர் அடிக்குள் கொண்டுபோய்விட்டால் அந்தச் சேதம் 280 ஹெர்ட்ஸ் பக்கம் ஏறும். அங்கே நாலு அங்குல ராக்வூல் பலகையால் அதைக் கட்டுப்படுத்த முடியும். முட்டை அட்டையாலும் ஓர் அங்குல நுரைப் பஞ்சாலும் முடியாது. அவை சிம்பலின் பளபளப்பை மட்டும் தின்றுவிட்டு, கீழ் ஒலியை அப்படியே விட்டுவிடும். பணத்தை அதில் போடாதீர்கள்.

நம் வீடுகள் எப்படிக் கட்டப்பட்டவை என்பது எனக்குத் தெரியும். ஒரு மூலையில் கதவு, அதற்கு எதிரே கம்பி போட்ட ஜன்னல், ஒரு பக்கம் முழுக்க அலமாரி, அதன் மேல் பரண். தரையில் வழுவழுப்பான டைல்ஸ். வலப்பக்கம் கண்ணாடி, இடப்பக்கம் துணி அடுக்கிய அலமாரி என்றால் வலது சரவுண்ட் கூச்சலிடும், இடது அடங்கிப் பேசும். வீட்டில் பெரியவர்கள் கிழக்குப் பார்த்து உட்காரச் சொன்னதால், அலமாரி ஒரு தோளிலும் கதவு மறுதோளிலும் இருக்கும்படி பலர் உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்கள் நம்பிக்கையில் நான் தலையிடவில்லை. வடக்கும் ஆகும் என்று அதே பெரியவர்கள் சொல்வார்கள். இடமும் வலமும் ஒத்திருக்கும் திசையைக் காட்டி, அவர்களிடமே கேட்டு வாங்குங்கள். அலமாரியும் ஜன்னலும் முதுகுக்குப் பின்னாலோ நேர் எதிரிலோ வரும்படி திரும்பி உட்கார்ந்தால் பாதிச் சிக்கல் தீரும். கண்ணாடிக்குக் கனமான திரைச்சீலை போடுங்கள். நாற்காலிக்கும் முன் ஸ்பீக்கர்களுக்கும் இடையே தரையில் ஒரு ஜமுக்காளம். பக்கச் சுவரில் ஒருவர் கையில் முகம் பார்க்கும் கண்ணாடியைப் பிடித்து நகர்த்தட்டும். நாற்காலியில் இருந்தபடி ஸ்பீக்கர் எந்த இடத்தில் தெரிகிறதோ, அங்கே முதலில் ராக்வூல் பலகையை மாட்டுங்கள்.

சென்டர் ஸ்பீக்கரைப் பற்றி எனக்கு ஒரு தனி ஆதங்கம் உண்டு. பாடகரின் குரல் வரும் இடம் அது. அதைத்தான் நீங்கள் எல்லோரும் கணினித் திரைக்குப் பின்னால் ஒளித்து வைக்கிறீர்கள், இல்லையென்றால் படுக்கவைத்துத் திரைக்குக் கீழே தள்ளிவிடுகிறீர்கள். படுக்கவைத்த ஸ்பீக்கரின் ஒலி, தலையைப் பக்கவாட்டில் கொஞ்சம் நகர்த்தினாலே மாறும். முன்னால் உள்ள மூன்றும் ஒரே ரகம், ஒரே உயரம், ஒரே நிலை. திரையைத் தாழ்த்துங்கள். முடியவில்லை என்றால் சின்னத் திரை போதும். இசை செய்கிறவருக்குக் கண்ணைவிடக் காதுக்கே முதல் இடம்.

தலைக்கு மேல் வைக்கும் ஸ்பீக்கர்களைப் பற்றி இன்னும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆட்மாஸ் இசைக்கு டால்பி சொல்லும் அமைப்பு 7.1.4. காதின் உயரத்தில் ஏழு, ஒரு சப், மேலே நான்கு. மேல் ஸ்பீக்கர்கள் காதிலிருந்து ஏறக்குறைய 45 பாகை உயரத்தில் வர வேண்டும். உங்கள் மூன்றடி வட்டத்துக்கு இதைக் கணக்குப் போடுங்கள். அதே தூரத்தில் 45 பாகையில் வைத்தால் அவை தரையிலிருந்து ஆறடியில் தொங்கும், எழுந்து நின்றால் தலை இடிக்கும். மேல்தளத்திலேயே மாட்டலாம் என்றால், பத்தடி உயரத்தில் 45 பாகை கிடைக்க எட்டரை அடி தூரம் வேண்டும். முன்சுவர் அதற்கு முன்பே வந்துவிடும். மற்றவை மூன்றடியில் இருக்க இவை அத்தனை தள்ளி இருந்தால் என்ன ஆகும் என்று மேலே சொல்லிவிட்டேன். ஆகவே பத்துக்குப் பத்து அறையில் 7.1.4 முறையாக உட்காராது. இதை உங்கள் முகத்துக்கு நேரே சொல்லி உங்கள் கோபத்தை வாங்கிக்கொள்கிறேன். வீட்டுக் கூடம் பெரியதாக இருந்து, குடும்பமும் சம்மதித்தால் அங்கே செய்யுங்கள். வாடகை வீட்டில் ஓட்டை போட வீட்டுக்காரர் விடமாட்டார். தரையில் நிற்கும்படி வெல்டிங் பட்டறையில் இரும்புக் குழாய்ச் சட்டம் அடித்து அதில் மாட்டுங்கள். ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் போல்ட் போக, தனியாக ஒரு பாதுகாப்புக் கம்பியும் கட்டுங்கள். அந்த அறையில் உங்கள் பிள்ளைகளும் நடமாடுவார்கள். மின்விசிறியைக் கழற்றிவிடுங்கள். அது மேல் ஸ்பீக்கர்களின் குறுக்கே சுற்றிக்கொண்டு ஒலியை வெட்டிக்கொண்டிருக்கும்.

ஹோம் தியேட்டர் கடைக்காரர் சொல்வதைக் கேட்டு ஸ்டுடியோ அமைக்காதீர்கள். அவர் சொல்வது படம் பார்க்கிறவருக்கு. சரவுண்டைக் காதுக்கு மேலே இரண்டடி தூக்கி மாட்டச் சொல்வார், ஒலியைப் பரப்பி அடிக்கும் ரகத்தை விற்பார். பார்க்கிறவருக்கு அது சுகம். ஒரு தம்புராவை எங்கே நிறுத்துவது என்று தீர்மானிக்கிற உங்களுக்கு, அது எங்கே நிற்கிறது என்றே தெரியாமல் போய்விடும். அளவிலும் இதே குழப்பம் நடக்கிறது. திரையரங்குக்கான மிக்ஸிங் தியேட்டரில் முன் ஸ்பீக்கர் ஒவ்வொன்றும் 85 டெசிபல், சரவுண்ட் பக்கத்துக்கு 82 என்று அமைப்பார்கள். இதை எங்கோ படித்துவிட்டு வீட்டிலும் சரவுண்டை மூன்று டெசிபல் குறைத்து வைக்கிறீர்கள். பின்னால் கோரஸ் கேட்கவில்லையே என்று அதை ஏற்றுகிறீர்கள். பாட்டாக வெளியாகிற மிக்ஸுக்கு எல்லா ஸ்பீக்கரும் ஒரே அளவில் இருக்க வேண்டும். கோரஸ் பாடகரை அமுக்குகிற கதை இங்கே தொடங்குகிறது. உங்கள் சின்ன அறையில் 85-ம் வேண்டாம், பிங்க் நாய்ஸ் விட்டு ஒவ்வொன்றையும் 76 டெசிபலுக்கு வைத்தால் காதும் களைக்காது, பக்கத்து வீட்டாரும் தூங்குவார்கள்.

சப்பை எங்கே வைப்பது என்பதற்குப் பழைய வழி ஒன்று இருக்கிறது, அதுவே நல்ல வழி. சப்பை உங்கள் நாற்காலியின் மேல் வைத்து பேஸ் வரிசை ஒன்றை ஓடவிடுங்கள். நீங்கள் முன்சுவர் ஓரமாக முட்டி போட்டு நகர்ந்து கேளுங்கள். எந்த இடத்தில் எல்லாச் சுரமும் ஏற்றத்தாழ்வில்லாமல் கேட்கிறதோ, அங்கே சப்பை வையுங்கள். ஒன்று மட்டும் மறக்காதீர்கள்: கிக்கையும் பேஸையும் எல்எஃப்இ சேனலில் மட்டும் போட்டு அனுப்புகிறீர்களே, ஸ்டீரியோவாகச் சுருக்கும்போது பெரும்பாலும் அந்தச் சேனலை விட்டுவிடுவார்கள். போனில் கேட்கிறவருக்கு உங்கள் தாளத்தின் அடித்தளமே இருக்காது.

ஹெட்போன் போதுமே என்று கேட்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஹெட்போனில் கேட்கும் சுற்றொலி, பெரும்பாலும் ஏதோ ஒரு பொதுவான தலையையும் காதுமடலையும் வைத்துக் கணக்கிட்டது. உங்கள் காதுமடல் அதுவல்ல. கேட்கப்போகிறவர்கள் பலரும் ஹெட்போனில்தான் கேட்பார்கள் என்பதால் அதில் சரிபார்ப்பது கட்டாயம். தீர்மானிப்பது அதில் மட்டும் என்றால் ஆபத்து.

இத்தனை கண்டிப்பு எதற்கு என்று தோன்றலாம். தவறான அறையில் செய்த மிக்ஸைச் சரி செய்ய மிக்ஸிங் தியேட்டருக்கு மணிக்கணக்கில் வாடகை கொடுப்பவர் சின்னத் தயாரிப்பாளர். அந்த நேரத்தில் நாங்கள் பாட்டை அழகாக்குவதில்லை, பழுதுதான் பார்க்கிறோம். கும்பகோணத்திலிருந்து பஸ் ஏறி வந்து ஒரு நாள் முழுக்க வாசித்துவிட்டுப் போன நாகஸ்வரக்காரரின் மூச்சு, 70 பாகையில் இருந்த ஒரு ஸ்பீக்கரால் தவறான இடத்தில் போய் விழுகிறது. அவருக்கு அது தெரியவே போவதில்லை. உங்களுக்குத் தெரிய வேண்டும்.

ஆகவே உங்களிடம் கேட்கிறேன். ஆறாவது ஸ்பீக்கர் வாங்குவதைத் தள்ளிப்போடுங்கள். இருக்கிற இரண்டையோ ஐந்தையோ இந்த ஞாயிற்றுக்கிழமை நூல் பிடித்து இடத்தில் வையுங்கள். அறை இடம் கொடுக்கவில்லை என்றால், நேர்மையான 5.1 செய்யுங்கள். அதற்கும் இடமில்லை என்றால் அருமையான ஸ்டீரியோவும், அதோடு தனித்தனி ஸ்டெம்களும் அனுப்புங்கள். முறையாக அளவிட்ட அறையில் எங்கள் பக்கத்திலேயே உங்களை உட்காரவைத்து ஆட்மாஸ் செய்து தர எங்களில் பலர் தயாராக இருக்கிறோம். கோணலான அறையில் செய்ததற்கு ஆட்மாஸ் என்று பெயர் போட்டு மட்டும் அனுப்பாதீர்கள்.

இன்னும் ஒன்று. இனி அனுப்பும் ஒவ்வொரு மிக்ஸோடும் ஒரு சின்னக் குறிப்பை இணையுங்கள். அறையின் நீள அகல உயரம், நாற்காலி முன்சுவரிலிருந்து எத்தனை அடி, ஒவ்வொரு ஸ்பீக்கரும் காதிலிருந்து எத்தனை அடி எத்தனை பாகை, எத்தனை டெசிபலில் வைத்தீர்கள். அரைப் பக்கம் போதும். அந்தக் குறிப்பு இருந்தால் நீங்கள் எதைக் கேட்டு எதைத் தீர்மானித்தீர்கள் என்று எங்களுக்குப் புரியும், உங்கள் எண்ணத்தை மாற்றாமல் திருத்த முடியும். குறிப்பில் எழுத வெட்கப்படும் அளவு ஏதாவது இருந்தால், மிக்ஸைத் தொடங்குவதற்கு முன்பே எழுந்து அந்த ஸ்பீக்கரை நகர்த்திவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் மிக்ஸுகளைத் தினமும் கேட்கும் ஓர் ஒலிப்பொறியாளர்